உப்பூர்ப் பக்கத்துப் பருத்தி விவசாயிகளுக்கான நோய் ஆய்வுச் சேவை: இரண்டு பருவ அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆர்.எஸ்.மங்கலத்துக்கும் உப்பூர்க் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில், நெல் அறுத்த வயலிலும் மிளகாய் எடுத்த புஞ்சையிலும் கோடைப் பருத்தி போடுகிறவர்களுக்காக, பயிர் நோயியல் ஆய்வாளர்களும் விவசாயிகளும் சேர்ந்து நடத்தும் கூட்டு ஆய்வுச் சேவை ஒன்றில் நான் இரண்டு பருவங்கள் பங்கேற்றிருக்கிறேன். இதில் சேரலாமா, சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தில் பலர் கேட்டுக்கொண்டே இருப்பதால், கண்டதை முழுமையாக எழுதி வைக்கிறேன். சேரலாம் என்பதே என் பதில். ஆனால் செடி வாடிய அன்றே மருந்து சொல்லும் இடம் என்று நினைத்துச் சேருகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

முதலில் நிபந்தனைகள். கட்டணம் எதுவும் கிடையாது. ஒவ்வொருவரும் தம் நிலத்தில் 20 செண்டை ஆய்வுக்கென்று ஒதுக்க வேண்டும். அதை மூன்று பாத்திகளாகப் பிரித்து, ஒன்றில் நம் வழக்கப்படியும், மற்ற இரண்டில் அவர்கள் சொல்லும் முறைப்படியும் பயிர் செய்ய வேண்டும். வாரம் ஒரு முறை, பாத்திவாரியாக வாடிய செடிகளை எண்ணி அவர்கள் கொடுக்கும் நோட்டில் குறிக்க வேண்டும். விதை நேர்த்திக்கான, நோயை அடக்கும் உயிர்ப் பூஞ்சாணத்தை அவர்களே தருகிறார்கள். உழவு, களை, எடுப்புக் கூலி எல்லாம் நம்முடையவை. ஆய்வுப் பாத்தியில் மகசூல் குறைந்தால் ஈடு எதுவும் கிடையாது என்பதையும் கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள். 20 செண்டு என்பது ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்குச் சின்ன விஷயம் அல்ல என்பதால், இதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு முன் எங்கள் வழக்கம் என்னவாக இருந்தது என்று சொன்னால்தான் இந்தச் சேவையின் பெறுமதி விளங்கும். செடி வாடினால் இரண்டு இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவோம். கடைக்காரர் பூஞ்சாணக்கொல்லியான கார்பென்டசிம் ஒரு பாக்கெட், டானிக் ஒரு பாட்டில், சில சமயம் பூச்சிமருந்து ஒன்று என்று எடுத்து வைப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இலையைப் பார்த்து வேரின் நோயைச் சொல்ல யாராலும் முடியாது. ஆண்டுதோறும் அந்தப் பாக்கெட்டை வாங்கி ஊற்றினோம். சில ஆண்டு செடி பிழைத்தது, சில ஆண்டு பிழைக்கவில்லை. ஏன் பிழைத்தது, ஏன் பிழைக்கவில்லை என்ற கேள்வியை நாங்களும் கேட்டதில்லை, எங்களிடமும் யாரும் கேட்டதில்லை.

முதல் பருவத்தில், சப்பை, அதாவது மொட்டு, பிடிக்கத் தொடங்கிய நேரத்தில், என் புஞ்சையில் வட்டம் வட்டமாகச் செடிகள் தலை கவிழ்ந்தன. தகவல் சொன்ன மூன்றாம் நாள் ஆய்வாளர்கள் வந்தார்கள். வந்தவர்களில் இளம்வயதுப் பெண் ஒருவர், மருந்தின் பெயர் எதையும் சொல்லாமல், வாடிய செடியின் தண்டைப் பிடித்து இலேசாக இழுத்தார். பாத்திச் செடியைப் பிடுங்குவது போலச் சிரமமே இல்லாமல் அது கையோடு வந்தது. பக்கவேர்கள் அனைத்தும் அழுகிப் போய், ஆணிவேர் மட்டும் குச்சி போல நின்றது. அவர் நகத்தால் கீறியதும் வேர்ப்பட்டை சணல் நாரைப் போலப் பிரிந்து வந்தது. பட்டையின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் கரும்புள்ளிகள் இருந்தன. கைலென்ஸை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பொடித்த மிளகைத் தூவியது போல இருந்தது. அவை வேரழுகல் பூஞ்சாணத்தின் உறக்க முடிச்சுகள் என்றும், மண் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் கோடையில்தான் அந்தப் பூஞ்சாணம் வீரியமாக வேலை செய்யும் என்றும் விளக்கினார். எத்தனையோ ஆண்டு பருத்தி போட்ட எனக்கு, என் நிலத்தில் செடியைக் கொல்வது எது என்று அன்றுதான் கண்ணால் பார்க்கக் கிடைத்தது.

அதன் பிறகு அவர் பேனாக்கத்தியால் தண்டின் அடிப்பகுதியை நெடுக்காகப் பிளந்து காட்டினார். உள்ளே வெண்மை மாறாமல் இருந்தது. வாடல் நோயாக இருந்தால் நீர் ஏறும் குழாய்கள் பழுப்போடிக் கோடு கோடாகத் தெரியும் என்றார். அதில் பியூசேரியம் என்ற பூஞ்சாணத்தால் வரும் வாடல் நம் நாட்டில் பெரும்பாலும் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியைத் தாக்குவது. நாம் போடும் அமெரிக்க வகைப் பருத்தியைத் தாக்கும் வாடல் வேறு, அது வெர்டிசிலியம் என்ற பூஞ்சாணத்தால் வருவது. ஒரு காலத்தில் பெயர் பெற்ற எம்.சி.யூ.5 ரகம் அந்த நோயில் அடிபட்டதால்தான், அதிலிருந்தே நோயைத் தாங்கும் செடிகளைத் தேர்ந்து எம்.சி.யூ.5 வி.டி. என்ற ரகத்தை உருவாக்கினார்கள்.

மூன்றாவது வகை வாடலை அதே பருவத்தில் நெல் வயலில் பார்த்தேன். சித்திரைக் கடைசியில் ஒரு நாள் இரவு கொட்டிய கோடை மழை வயலில் தேங்கி, மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தபோது, காய் நிறையப் பிடித்திருந்த செடிகள் இரண்டே நாளில் துவண்டன. அவற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் உறுதியாக இருந்தது. பிளந்து பார்த்தால் தண்டும் வெள்ளையாக இருந்தது. நெடுநாள் காய்ந்த மண்ணில் திடீரென்று நீர் நிற்கும்போது வேர் மூச்சு முட்டுவதால் வரும் வாடல் அது. அதில் கிருமி எதுவும் இல்லை. அதற்குப் போய் ஏக்கர் முழுக்கப் பூஞ்சாணக்கொல்லி ஊற்றுவது வீண்செலவு. தேங்கிய நீரை உடனே வடிப்பதும், முதல் இரண்டு நாளுக்குள் 10 பி.பி.எம். கோபால்ட் குளோரைடு, அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், கலந்து தெளிப்பதும்தான் பரிந்துரை. அந்த மருந்து எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அறிகுறி தெரிந்த பிறகு வாங்கிவரப் புறப்பட்டால் காலம் கடந்துவிடும் மருந்தை, சேவை நடத்துகிறவர்களே கொஞ்சம் கையிருப்பில் வைத்திருக்கலாம்.

இந்தச் சேவையில் என்னை முழுமையாக ஈர்த்தது, அவர்கள் முதலில் என் புஞ்சைக்கு வந்த அன்று நடந்ததுதான். பக்கத்து நிலத்துச் சின்னம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆய்வாளர் என் செடியைப் பிளந்துகொண்டிருந்தபோது வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "தண்ணி கட்டி நின்ன வயல்ல இப்படிச் சாகாது தாயி. இந்தப் புஞ்சையிலதான் வருசா வருசம் காவு வாங்குது" என்றார். நான் இதைப் பல முறை கேட்டிருக்கிறேன், காதில் வாங்கியதில்லை. அந்தப் பெண் எழுந்து, "எத்தனை வருசமாப் பாக்குறீங்கம்மா? எந்தெந்த வயல்னு காட்டுறீங்களா?" என்று கேட்டு, சின்னம்மாவோடு ஒரு மணி நேரம் வெயிலில் நடந்து, வயல் வயலாகக் குறித்துக்கொண்டார்.

திரும்பி வந்து அவர் கொடுத்த விளக்கம் இது. வேரழுகல் பூஞ்சாணத்தின் உறக்க முடிச்சுகள் காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆனால் தொடர்ந்து நீரில் ஊறிய மண்ணில் ஏழெட்டு வாரங்களுக்கு மேல் அவை பிழைப்பதில்லை. ஆகவே கண்மாய் நிறைந்து நெல்லுக்குத் தண்ணீர் நின்ற வயலில், நெல்லே மண்ணைச் சுத்தம் செய்துவிடுகிறது. மிளகாய்க்குப் பின் பருத்தி, பருத்திக்குப் பின் மிளகாய் என்று காய்ந்தே கிடக்கும் புஞ்சையில் அந்த முடிச்சுகள் பெருகிக்கொண்டே போகின்றன. உளுந்தும் எள்ளும்கூட அந்தப் பூஞ்சாணத்துக்கு இரைதான் என்பதால், பயிரை மாற்றிப் போட்டு மட்டும் தப்பிக்க முடியாது. சின்னம்மா கண்டறிந்ததும் ஆய்வகம் கண்டறிந்ததும் ஒன்றாக இருந்தன. மறுபருவம் எங்களுக்குத் தந்த நோட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்திருந்தது: முந்தைய பயிரில் வயலில் எத்தனை வாரம் தண்ணீர் நின்றது என்று குறிக்கும் பத்தி. கூட்டு ஆய்வு என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் பொருள் அந்த ஒரு பத்திதான். கேட்டு எழுதிக்கொண்டு போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். கேட்டதை ஆய்வுக்குள் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தவர்களை நான் இவர்களிடம்தான் பார்த்தேன்.

இனி அவர்கள் தரும் பொருள்களைப் பற்றி. ஒரு பாத்திக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற உயிர்ப் பூஞ்சாணத்தை ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைக்கச் சொன்னார்கள். அதையே ஹெக்டேருக்கு 2.5 கிலோ வீதம் 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து மண்ணிலும் இடச் சொன்னார்கள். ஏக்கர் கணக்கில் 1 கிலோவும் 20 கிலோவும் ஆகிறது. மாவு போன்ற இந்தப் பொருளைக் கடையிலும் வாங்கலாம். ஆனால் இதில் இருப்பது உயிர். நம் ஊர் வெயிலில் தகரக்கூரைக்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் அந்த உயிர் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பது சந்தேகமே. தரமான பாக்கெட்டில் கிராமுக்கு 20 லட்சம் வித்துகளாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதை நாம் எண்ண முடியாது. ஆய்வாளர்கள் எளிய சோதனை ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். கைப்பிடி தொழுவுரத்தில் கொஞ்சம் வெல்லத் தண்ணீர் தெளித்து, மருந்தைக் கலந்து, ஈரச்சாக்கால் மூடி நிழலில் வைத்தால், சில நாட்களில் பச்சை பூத்துவர வேண்டும். அவர்கள் தந்தது அடர்ந்த பச்சையாகப் பூத்தது. வீட்டில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த பழைய பாக்கெட்டை அதே முறையில் வைத்தபோது சாக்கு ஈரம் காய்ந்ததுதான் மிச்சம்.

இன்னொரு பிழையையும் நான் பல ஆண்டு செய்திருக்கிறேன். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சாணம்தான், கார்பென்டசிம் அதையும் கொன்றுவிடும். உயிர்ப் பூஞ்சாணம் இட்ட இடத்திலேயே செடி வாடியதும் கார்பென்டசிம் ஊற்றினால் முதலில் செய்த செலவு போய்விடுகிறது. வேரழுகல் கண்ட இடத்தில் மட்டும், வாடிய செடியையும் அதைச் சுற்றி நிற்கும் செடிகளையும் லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டசிம் கரைசலால் நனைக்கலாம். மற்ற இடத்தில் கை வைக்கக் கூடாது என்று பாத்தி பிரித்துச் சொல்லித் தந்தார்கள். வாங்கும் பி.டி. (காய்ப்புழுவைத் தாங்க மரபணு மாற்றிய) விதையில் ஏற்கெனவே சாயமும் மருந்தும் பூசியிருப்பதால், உயிர்ப் பூஞ்சாணத்தை விதையில் பூசுவதைவிட மண்ணில் இடுவதுதான் எங்களுக்குப் பொருந்தும் என்று இரண்டாம் பருவத்தில் முறையை மாற்றினார்கள். அந்த மாற்றத்தை முதல் பருவத்திலேயே யோசித்திருக்கலாம்.

மூன்றாம் பாத்தியில் பருத்தி வரிசைகளுக்கு நடுவே நரிப்பயறு விதைக்கச் சொன்னார்கள். பயறு தரையோடு படர்ந்து மண்ணை மூடிக்கொள்ளும். வெயில் நேராக மண்ணில் விழாது. மண் வெப்பம் தணியத் தணிய வேரழுகல் மட்டுப்படும் என்பது கணக்கு. பிற்பகல் இரண்டு மணிக்கு வெறும் வரிசையில் கை வைத்துப் பார்த்தும், பயற்றுக்கு அடியில் கை வைத்துப் பார்த்தும் நானே வேறுபாட்டை உணர்ந்தேன். என் 20 செண்டில், இரண்டு பருவத்திலும் வாடிய செடிகள் குறைவாக இருந்தது இந்தப் பாத்தியில்தான். ஒரு நிலத்தில் இரண்டு பருவம் பார்த்ததை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதால்தான் பல நிலங்களில் ஒரே முறையில் எண்ணச் சொல்கிறார்கள். குறை ஒன்று உண்டு: களை எடுக்கும்போதும் பருத்தி எடுப்பின்போதும் கால் வைக்க இடமில்லை என்று ஆட்கள் முகம் சுளித்தார்கள். கூலி அதிகம் கேட்டார்கள், கொடுக்கவும் செய்தேன்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் பதில் தரும் வசதியும் உண்டு. இலை நோய்களுக்கு அது போதுமானது. வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி விழுந்தால் ஆல்டர்னேரியா என்ற பூஞ்சாண இலைப்புள்ளி நோய். நரம்புகளுக்கு இடையில் கோணல்மாணலாக நீர் கோத்த புள்ளி விழுந்து கருத்தால் பாக்டீரியா கருகல். எங்கள் கடற்கரைப் பக்கத்தில், உவர் ஏறிய மூலைகளில் இலை ஓரம் காய்வதையும், தத்துப்பூச்சி உறிஞ்சி இலை சிவப்பதையும் நாங்கள் நோய் என்று நினைத்து மருந்தடித்துக்கொண்டிருந்தோம். படத்தைப் பார்த்தே அவற்றைப் பிரித்துச் சொன்னார்கள். ஆனால் வாடலுக்கு இந்த வசதி உதவாது. மூன்று வாடலும் படத்தில் ஒன்று போலவே தெரியும். செடியைப் பிடுங்கி, வேரைக் கீறி, தண்டைப் பிளந்த மூன்று படங்களையும் அனுப்பினால் மட்டுமே பதில் பயன்படும். இதை அவர்கள் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

என் முக்கியமான மனக்குறை தாமதம். முதல் பருவத்தில் ஏழு செடிகளை வேரோடு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். முடிவு வர பத்தொன்பது நாள் ஆயிற்று. அதற்குள் அந்த வட்டம் பரவி, பக்கத்து இரண்டு வரிசைகளும் போய்விட்டன. வயலில் வைத்துச் சொன்னதையே ஆய்வகமும் உறுதி செய்தது என்பதால் எனக்குப் பெரிய இழப்பு இல்லை. ஆனால் அந்த முடிவுக்காகவே காத்திருந்து மருந்து ஊற்றாமல் விட்ட ஒருவருக்குக் கால் ஏக்கர் போயிற்று. அவர் அடுத்த பருவம் சேரவில்லை. அவரைச் சேரச் சொல்லி வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. இரண்டாம் பருவத்தில் வயல் முடிவை அன்றே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆய்வக முடிவைப் பின்னால் தரும் முறைக்கு மாறியிருக்கிறார்கள். தாமதம் எட்டு, ஒன்பது நாளாகக் குறைந்திருக்கிறது. இன்னும் குறைய வேண்டும்.

இரண்டாவது குறை, வாடிய செடியை எண்ணி நோட்டில் குறிப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களாக இருக்க, பதிவேட்டிலும் கூட்டத்திலும் பட்டாவில் பெயர் உள்ள ஆண்களே இருக்கிறார்கள். சின்னம்மாவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. நான் இதைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். சரிசெய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இத்தனை பேர் சேர்ந்து எதற்காக எண்ண வேண்டும், ஆராய்ச்சி நிலையத்திலேயே செய்துவிடலாமே என்று என் தம்பி கேட்டான். பருத்தி நோயைத் தனியாக எவரும் வென்றதில்லை. 1967ஆம் ஆண்டு தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த பருத்தி மேம்பாட்டுத் திட்டமே, ஒரு ரகத்தைப் பல மாநில மண்ணில் ஒரே நேரத்தில் சோதித்துப் பார்ப்பதற்காக வந்ததுதான். இலைச்சுருள் நச்சுயிரி பாகிஸ்தானின் பருத்தியை அழித்தபோது, அமெரிக்க விதைச் சேமிப்பிலிருந்து ஆயிரக்கணக்கான வகைகளைக் கொண்டுவந்து பாகிஸ்தான் வயல்களில் நட்டுப் பார்த்ததில்தான், நோய்க்கு அசையாத மேக்7 என்ற வகை அகப்பட்டது. நோய் இருக்கும் நாட்டில் விதை இல்லை, விதை இருக்கும் நாட்டில் நோய் இல்லை என்ற நிலையில் இரண்டும் சேராமல் அது நடந்திருக்காது. ஆஸ்திரேலியாவில் 1993இல் பியூசேரியம் வாடல் தென்பட்ட பிறகு, பண்ணைக்குள் வரும்போதும் வெளியே போகும்போதும் வண்டிச் சக்கரத்து மண்ணைக் கழுவுவதை விவசாயிகளே வழக்கமாக்கிக்கொண்டார்கள். இதைக் கூட்டத்தில் கேட்டபோது, எங்கள் ஊர் முழுக்க ஒரே வாடகை டிராக்டர் உழுவது எனக்கு உறைத்தது. என் புஞ்சையின் மண்ணை ஒட்டிக்கொண்டு அந்தக் கலப்பை எத்தனை நிலத்துக்குப் போயிருக்கும்! இந்த ஆண்டு ஐந்து பேர் சேர்ந்து டிராக்டர்காரரிடம் பேசி, புஞ்சையை உழுத பின் கலப்பையைத் தட்டிக் கழுவிவிட்டுத்தான் அடுத்த நிலத்தில் இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். அவரும் ஒத்துக்கொண்டார். எடுப்பு முடிந்ததும் பருத்திமாரை வெட்டி அடிக்கட்டையை மண்ணிலேயே விடுவதையும் நிறுத்தி, வேரோடு பிடுங்கி அடுப்புக்குக் கொண்டுபோகிறோம்.

யாருக்கு இது பொருந்தும் என்று கேட்டால், புஞ்சையில் ஆண்டுதோறும் வட்ட வட்டமாகச் செடி சாகிறவர்கள், வாரம் ஒரு நாள் காலை நேரத்தை ஒதுக்கக் கூடியவர்கள், நோட்டைப் பொய் இல்லாமல் எழுதக் கூடியவர்கள் சேரலாம். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், நிலக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சேருவது நல்லது. நெல் வயலில் மட்டும் பருத்தி போடுகிறவர்களுக்கு, கண்மாய் நிறைந்த ஆண்டில் இதனால் பெரிய பயன் இருக்காது. கண்மாய் நிறையாத ஆண்டில்தான் அவர்களும் எங்கள் நிலைக்கு வருவார்கள்.

பெயர் கொடுப்பது மார்கழிக் கடைசியில், நெல் அறுவடை தொடங்கும் முன். நான் மூன்றாம் பருவத்துக்கு 40 செண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறேன். நோட்டின் முதல் பக்கத்தில், எண்ணுபவர் பெயர் என்று இந்த முறை தனியாகக் கோடு போட்டிருக்கிறார்கள்; அதில் சின்னம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.